சந்திர சூரியர் உள்ளவரை

பத்திரக்காரர், தக்கலை:

இடிந்த கோட்டை, ஆளில்லாத அரண்மனை, கைவிட்ட கோயில், இப்படி எங்காவது போய்வந்து மனசில் தங்கிப்போனதை எழுதச் சொல்லியிருந்தீர்கள். நான் ஹம்பி போனதில்லை, நம் குமரி ஜில்லாவைத் தாண்டி எதையும் பெரிதாகப் பார்த்ததும் இல்லை. இங்கேயே பார்த்ததைச் சொல்கிறேன். ஆனால் அதை ஒரு பத்தாயத்திலிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

நான் பத்திரம் எழுதுகிறவன். முப்பத்தொரு வருஷமாக இதுதான் தொழில். கிரயம், ஒத்தி, பாகப்பிரிவினை, தான செட்டில்மென்ட், விடுதலை எல்லாம் எழுதியாயிற்று. எதை எழுதினாலும் கடைசியில் ஒரு வரி வந்தாக வேண்டும், "புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று. எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர் எழுதிய பழைய பத்திரங்களில் அதற்கு முன்னால் "சந்திர சூரியர் உள்ளவரை" என்றும் இருக்கும். அவர் ஞாபகமாக நானும் ரொம்ப நாள் அப்படியே எழுதிக்கொண்டிருந்தேன். எழுதும்போது யோசித்ததே இல்லை, கை தானாகப் போய்விடும். ஒரே பன்னிரண்டு சென்ட் தென்னவிளையை இருபது வருஷத்துக்குள் நான்கு பேருக்குச் சந்திர சூரியர் உள்ளவரை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அம்மா பிறந்த வீடு திருவிதாங்கோடு பக்கம். ஓட்டு வீடு, நடுவில் முற்றம், தெற்கே இருட்டாக ஓர் அறை, அந்த அறையில் பத்தாயம். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், பத்தாயம் என்றால் நெல் கொட்டிவைக்கிற பெரிய மரப்பெட்டி. எங்கள் வீட்டில் இருந்தது ஆயினிப் பலகை. உள்ளே ஒரு ஆள் இறங்கி நின்றால் தலை மட்டும்தான் வெளியே தெரியும். அறுப்பு முடிந்து நெல் உள்ளே விழ விழ, பாட்டா பிச்சாத்திக் கத்தியால் உள்பக்கப் பலகையில் ஒரு கோட்டை நெல்லுக்கு ஒரு கோடு கீறுவார். நான்கு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. வருஷா வருஷம் கீறிக் கீறி அந்தப் பலகை முழுக்கக் கோடுதான். நெல் தீர்ந்த மாசங்களில் நாங்கள் பிள்ளைகள் உள்ளே இறங்கி ஒளிந்து விளையாடுவோம். அந்தக் கோடுகளைக் கையால் தடவிக்கொண்டே இருட்டில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கும். தவிடும் பழைய மரமும் கலந்த ஒரு வாசனை அதற்குள் இருக்கும், அதை வேறு எங்கேயும் நான் முகர்ந்ததில்லை.

2004-ல் பாகம் பிரித்தார்கள். நான்கு பேர். பேச்சு முற்றி பத்மநாபபுரம் கோர்ட் வரைக்கும் போய், பிறகு சமாதானமாகி, கடைசியில் பத்திரம் எழுதியது நான்தான். வீடு யாருக்கும் வேண்டாம், எல்லோருக்கும் பணம் வேண்டும். மனையை ஒருவர் வாங்கினார். மரச்சாமானை எல்லாம் பழைய மரம் வாங்குகிற ஒருவர் லாரி கொண்டுவந்து ஏற்றினார். நிலை, கதவு, தூண், உத்திரம், எல்லாம். பத்தாயத்துக்கு ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்தார். அந்தப் பணத்தை நாலாகப் பிரிக்கும்போது ஐம்பது ரூபாய்க்காக என் பெரிய மாமா ஒரு வார்த்தை சொன்னார், அதற்குப் பிறகு சின்ன மாமா அவர் சாவுக்குத்தான் வந்தார்.

சரி, அது முடிந்தது என்று இருந்தேன். 2019-ல் ஒரு கல்யாணத்துக்காகக் கேரளாவில் கடற்கரை ரிசார்ட் ஒன்றுக்குப் போக வேண்டிவந்தது. உள்ளே நுழைந்ததும் ரிசப்ஷன் மேசை. பழைய பலகை, வார்னிஷ் அடித்து மினுமினுப்பாக, மேலே ஒரு பித்தளை மணியும் பூச்சாடியும். முன்பக்கம் முழுக்கக் கோடு. நான்கு நேராக, ஒன்று குறுக்காக. உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பிப் பொருத்தியிருந்தார்கள், அழகுக்காக. நான் எதுவும் பேசவில்லை. பெயர் எழுதச் சொன்ன பையனிடம் பேனாவை வாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் அந்தக் கோடுகளைத் தடவினேன். கீழே தரையோரமாக வேறு மாதிரி சின்னச் சின்னக் கோடுகளும் இருந்தன, அது பாட்டாவின் கை இல்லை, என்னவென்று புரியவும் இல்லை. எல்லோரும் சாப்பிடப் போன பிறகு வந்து குனிந்து மொபைலில் போட்டோ எடுத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஓணம் கழிந்து அம்மாவை அரண்மனைக்குக் கூட்டிப்போனேன். தக்கலையில் குடியிருந்துகொண்டு இரண்டு கிலோமீட்டரில் இருக்கிற இடத்துக்கு நான் அதற்கு முன்னால் இரண்டு தடவைதான் போயிருக்கிறேன். உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். பத்மநாபபுரம் அரண்மனையைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், அந்தக் கறுப்புத் தரை, மைக்கா ஜன்னல், சித்திர வேலை, அதையெல்லாம் நான் திரும்பச் சொல்லவில்லை. எனக்கு நின்றது ஒரே இடம். உப்பிரிக்கை மாளிகை. நாலு நிலை. மேலே பெருமாளுக்கென்று ஒதுக்கிய, சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய அறை. அதற்குக் கீழே ராஜா ஓய்வெடுக்கவும் படிக்கவும் இருந்த இடம். அதற்கும் கீழே அறுபத்துநாலு வகை மூலிகை மரத்தால் செய்தது என்று சொல்கிற கட்டில் கிடக்கிற படுக்கையறை. எல்லாவற்றுக்கும் அடியில் கருவூலம். அம்மா அந்த இருட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல இருந்ததெல்லாம் எங்க?" என்று கேட்டாள். காட்டிக்கொண்டிருந்த ஆள் அந்தக் கேள்வியைத் தினமும் கேட்பார் போல. "எல்லாம் திருவனந்தபுரம் போயாச்சு அம்மா" என்றார்.

யோசித்துப் பாருங்கள். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா 1729-ல் பட்டத்துக்கு வந்து, சண்டை போட்டுப் போட்டு நாட்டைப் பெரிதாக்கி, 1750-ல் அத்தனையையும் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்தார். திருப்படிதானம். என் பாஷையில் சொன்னால் ஒரு ராஜ்ஜியத்துக்கே தான செட்டில்மென்ட். அதற்குப் பிறகு அந்த வம்சத்தில் பட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாம் பத்மநாபதாசர்கள். 1795-ல் தலைநகரம் இங்கிருந்து போனது. 2011-ல் கோர்ட் உத்தரவுப்படி அந்தக் கோயில் நிலவறைகளைத் திறந்தபோது லட்சம் கோடி என்று பத்திரிகைகள் எழுதின, நாம் எல்லோரும் டீக்கடையில் உட்கார்ந்து அதற்கு எத்தனை சைபர் என்று எண்ணினோம். அம்மாவும் நானும் நின்றது அந்தச் செல்வம் கிளம்பிப்போன வீட்டின் கீழறை. சுவரில் கை வைத்தால் சில்லென்று இருந்தது. எங்கள் தெற்கு அறையும் அப்படித்தான் இருக்கும், நெல் இல்லாத மாசங்களில்.

வெளியே வரும்போது ஊட்டுப்புரையில் அந்தப் பெரிய ஊறுகாய்ப் பரணிகளைப் பார்த்தாள். இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று சொன்னபோது, ராஜாவையும் சொல்லவில்லை, சாப்பிட்டவர்களையும் சொல்லவில்லை. "இத்தனை பரணியையும் கழுவி வச்சவளுக்கு இடுப்பு என்னத்துக்கு ஆகும்" என்று மட்டும் சொன்னாள்.

அப்புறம் சிதறால் மலை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அக்கா பையன் காலேஜில் வரலாறு படிக்கிறான், அவன் இழுத்துக்கொண்டு போனான். மார்த்தாண்டத்திலிருந்து பக்கம்தான். கல் பாவிய பாதையில் மூச்சு வாங்க ஏறினால், மேலே ஒரு பெரிய பாறை முன்னால் குனிந்து நிற்கிற மாதிரி இருக்கும், அதன் முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். பெரும்பாலும் உட்கார்ந்தபடி. ஒன்பதாம் நூற்றாண்டில் இது சமணர்களின் இடம், திருச்சாரணத்துமலை. பிறகு பகவதி கோயிலாயிற்று. பாறையின் தலைமேல் செங்கல் விமானம் பாதி இடிந்து நிற்கிறது. அந்தப் பக்கம் சுனை. கீழே பார்த்தால் தென்னையும் ரப்பருமாகப் பச்சையாகக் கிடக்கிறது ஊர்.

அங்கே ஒரு கல்வெட்டு. ஆய் வம்சத்து அரசன் விக்கிரமாதித்த வரகுணனின் இருபத்தெட்டாவது ஆட்சியாண்டு. அரிட்டநேமி படாரரின் மாணாக்கி, குணந்தாங்கி குரத்திகள் என்கிற சமணத் துறவிப் பெண், இந்த மலைப் பகவதிக்குப் பொன் அணிகள் கொடுத்தாள் என்கிற செய்தி. குரத்தி என்றால் பெண் குரு என்று பையன் சொன்னான். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் துறந்த ஒருத்தி, அவளிடம் பொன் எப்படி வந்தது, யார் கொடுத்தது, தெரியாது. அவள் கொடுத்தாள். பொன் போய்விட்டது, ஆய் அரசு போய்விட்டது, அந்த மலையில் சமணமே போய்விட்டது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் கல்லில் கிடப்பது, இன்னார் கொடுத்தார் என்பது மட்டும்.

இன்னொன்றையும் பையன் சொன்னான், தொழில்காரனாகையால் அது எனக்கு ஓர் அடி அடித்த மாதிரி இருந்தது. இதே ஆய் நாட்டில் 866-ல் கருநந்தடக்கன் என்கிற அரசன் முஞ்சிறை சபையாரிடம் நிலத்தை வாங்கி, அதற்குப் பதிலாக வேறு நிலம் கொடுத்து, பார்த்திவசேகரபுரத்தில் விஷ்ணு கோயிலும் 95 மாணவர்கள் படிக்க ஒரு சாலையும், அதாவது பாடசாலையும், ஏற்படுத்தினான், செப்பேட்டில் இருக்கிறது என்றான். நிலம் கொடுத்து நிலம் வாங்கினால் அது பரிவர்த்தனைப் பத்திரம். போன மாசம்கூட ஒன்று எழுதினேன். அரசன் நினைத்தால் பிடுங்கியிருக்கலாம், சபையோடு உட்கார்ந்து மாற்றி எழுதியிருக்கிறான். கோயில், இப்போது பார்த்திபபுரம் என்கிற அந்த ஊரில் இன்றும் பூஜையோடு நிற்கிறது. சாலை எங்கே இருந்தது என்று காட்ட அங்கே ஒரு கல் இல்லை. கல்வெட்டுகளில் "சந்திராதித்தவல்" என்று வருமாம், சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று அர்த்தம். என் ஆசான் எழுதிய வரி எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து அந்த வரியை நான் எழுதுவதில்லை. சட்டத்துக்கு அது தேவையும் இல்லை. உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்.

கொத்தனார், இரணியல்:

அண்ணாச்சி, கறுப்புத் தரையைத் தாண்டிப் போய்விட்டீர்கள், எனக்கு அதுதான் அரண்மனை. சுண்ணாம்பு, சுட்ட சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்ததாகச் சொல்வார்கள். சேர்மானம் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், தேய்ப்புதான் விஷயம். கையால் நாள் கணக்காகத் தேய்த்தால் ஒழிய அந்த மினுக்கம் வராது. நான் அங்கே போனால் குனிந்து பார்ப்பேன், என் முகம் மங்கலாகத் தெரியும். யாரோ ஒரு கொத்தனாரோ, சிற்றாளோ முழங்கால் மடித்து உட்கார்ந்து தேய்த்த தரை இது என்று நினைப்பேன்.

நான் இப்போது கட்டுவதெல்லாம் வெளிநாட்டுப் பணத்து வீடு. மூவாயிரம் சதுரடி, நாலாயிரம் சதுரடி. பால் காய்ச்சின அன்றைக்கு ஊரே சாப்பிடும், அடுத்த வாரம் பூட்டு. நான் கட்டிய பதினேழு பெரிய வீடுகளில் ஒன்பதில் ஆள் இல்லை. மழைக்காலம் முடிந்ததும் கூப்பிட்டுப் பாசி சுரண்டச் சொல்வார்கள். போன வருஷம் ஒரு வீட்டைத் திறந்தால் மாடுலர் கிச்சனுக்குள் கரையான் புற்று, என் இடுப்பு உயரம். உடைக்கவே மனசு வரவில்லை. அது ஒன்றுதான் அந்த வீட்டில் குடியிருந்திருக்கிறது.

குளச்சல் மருமகள்:

நான் உதயகிரிக் கோட்டையைச் சொல்கிறேன். புலியூர்குறிச்சியில் பஸ் நிற்கும். உள்ளே வனத்துறை பார்க், மான், பறவைக் கூண்டு, ஞாயிற்றுக்கிழமை காதலர்கள். நிறையப் பேர் மானைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கொஞ்சம் உள்ளே நடந்தால் கூரை இல்லாத பழைய சர்ச், சுவர் மட்டும் நிற்கும். அதற்குள்தான் டி லனாய் கல்லறை.

நான் குளச்சலுக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில் என் மாமனார் கடற்கரையில் நிற்கிற வெற்றித் தூணைக் காட்டி, 1741-ல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கப்பலில் வந்து இறங்கித் தோற்றது இங்கேதான் என்பார். அந்தச் சண்டையில் பிடிபட்டவர்தான் இந்த டி லனாய். பிடிபட்டவரைக் கொல்லாமல் மார்த்தாண்ட வர்மா தன் படைக்கே பயிற்சி கொடுக்கச் சொன்னார். அவரும் இங்கேயே இருந்து வலிய கப்பித்தான் என்கிற பெரிய படைத்தலைவராகி, கோட்டைகள் கட்டி, 1777-ல் இங்கேயே இறந்தார். பக்கத்திலேயே மனைவிக்கும் மகனுக்கும் கல்லறை. மகன் அப்பாவுக்கு முன்னாலேயே போய்விட்டான்.

கல்லறைக் கல்லில் லத்தீன், தமிழ் இரண்டிலும் எழுதியிருக்கிறது. லத்தீனில் முதல் வரி, "வழிப்போக்கனே, நில்" என்று தொடங்குகிறதாம். ஏறக்குறைய முப்பத்தேழு வருஷம் ராஜாவுக்கு விசுவாசமாக ஊழியம் செய்தவர் என்று வருகிறது. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருபத்திரண்டு வருஷம் படகில் வேலை பார்க்கிறார். அவரும் லீவில் வந்து அங்கே நின்றார். ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "இவரு கடைசி வரைக்கும் ஊருக்குப் போகலியா?" என்று கேட்டார். போகவில்லை என்றேன். மேலே கூரை இல்லாததால் அன்றைக்குச் சாரல் அவர்மேலும் விழுந்தது, கல்லின்மேலும் விழுந்தது. "நான் வந்திருவேன்" என்றார். மே மாசத்தோடு விசாவை முடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், கடன் இன்னும் ஆறு லட்சம் இருக்கிறது. ஆனாலும் வரட்டும் என்றுதான் நானும் சொல்லிவிட்டேன்.

விளவங்கோடு டீச்சர்:

எல்லாம் வாசித்தேன். பத்திரக்கார அண்ணன் நல்ல மனசோடு எழுதியிருக்கிறார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது.

செல்வம் நிலைக்காது என்று ஒரு அரண்மனைக்குள் நின்று நினைக்க, முதலில் அந்தச் செல்வம் கொஞ்ச நேரமாவது நம்மிடம் இருந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பத்தாயம் இல்லை. என் பாட்டியின் பாட்டிக்கு மேலாடை போட உரிமை இல்லாத நாடு இது. 1822-ல் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் 1859 வரைக்கும் நடந்தது, அந்த வருஷம் ஜூலை 26-ல்தான் ராஜாவின் அறிவிப்பு வந்தது. ஆளை ஆள் விற்பது 1855-ல்தான் சட்டப்படி நின்றது. கோயிலுக்குள் நாங்கள் போனது 1936-க்குப் பிறகு. ஊழியம் என்கிற பெயரில் கூலி இல்லாமல் சுமந்த கல்லும், தலைவரியும் சேர்ந்ததுதான் அந்தக் கருவூலம். அது காலியாகக் கிடப்பதைப் பார்த்து எனக்குச் சோகம் வரவில்லை, மன்னியுங்கள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு போனபோது ஒரு மகள் ஊட்டுப்புரையில் வந்து கேட்டாள், "டீச்சர், நம்ம ஆளுங்க அப்போ இங்க எங்க உட்காருவாங்க?" என்று. அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. கோட்டைச் சுவருக்கு வெளியே கூட்டிவந்து, இந்தக் கல்லைத் தொட்டுப் பார் மக்களே, இதைச் சுமந்தது நம்ம ஆளுங்களாக இருக்கும் என்றேன். அந்தப் பிள்ளை சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். மற்ற பிள்ளைகளும் வந்து வைத்தார்கள். நாற்பத்திரண்டு பிள்ளைகள், வரிசையாக, கோட்டைச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு.

அண்ணன் சொன்ன சிதறால் கல்வெட்டு எனக்கும் பிடித்தது. ஆனால் கொடுத்தவள் பெயர் கல்லில் இருக்கிறது. சுமந்தவர்கள் பெயர் எங்கே இருக்கிறது? அந்தப் பத்தாயத்தை நிறைத்தது பாட்டா கோடு கீறிய பிச்சாத்தி இல்லையே அண்ணா, யாரோ அறுத்தார்கள், யாரோ அடித்தார்கள், யாரோ தூற்றினார்கள். அம்மாவுக்கு அது தெரிந்திருக்கிறது. பரணியைப் பார்த்து அவர்கள் சொன்னதை வாசித்தபோது எனக்குக் கண் நிறைந்தது.

பத்திரக்காரர், தக்கலை:

டீச்சர், நீங்கள் எழுதியதை நேற்று ராத்திரி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பத்தாயத்தைப் பற்றி நான் எழுதியதையும் சேர்த்து. ரிசார்ட்டில் பார்த்ததை இத்தனை வருஷம் அவளிடம் சொல்லாமல் இருந்ததற்கு முதலில் கோபப்பட்டாள். பிறகு போட்டோவைக் காட்டச் சொன்னாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மொபைலை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

மேலே இருக்கிற கோடுகளை அவள் கண்டுகொள்ளவே இல்லை. கீழே தரையோரம் இருந்த சின்னக் கோடுகளை விரலால் தொட்டு, "இது எங்கம்மை போட்டது" என்றாள்.

பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவள். அறுப்புக்கு வருகிற பெண்களுக்குக் கூலியாகக் கொத்து நெல் அளந்து கொடுக்கும்போது பாட்டா சில சமயம் பாதி கொடுத்து, மீதிக்கு அடுத்த அறுப்பு பார்க்கலாம் என்று அனுப்பிவிடுவாராம். அவர் மறந்துபோவார், அல்லது மறந்த மாதிரி இருப்பார். பாட்டி பத்தாயத்துக்குள் நெல் எடுக்க இறங்கும்போது, பாட்டா கண்ணில் படாத உயரத்தில், பாக்கி நிற்கிற ஒவ்வொருத்திக்கும் ஒரு சின்னக் கோடு கீறி வைப்பாளாம். ஆடி மாசம் பஞ்சம் வரும்போது பாட்டா வெளியே போன நேரம் பார்த்து, பின்வாசல் வழியாகக் கூப்பிட்டு, பாக்கியைக் கொடுத்து, அந்தக் கோட்டுக்குக் குறுக்கே ஒரு கீறல். எந்தக் கோடு யாருடையது என்று அவளுக்குத்தான் தெரியும், கூட நின்று நெல்லை எடுத்துக்கொடுத்த அம்மாவுக்கும் கொஞ்சம் தெரியும். பாட்டி 1967-ல் திடீரென்று போய்விட்டாள்.

நான் இத்தனை வருஷம் அந்த வீட்டுச் சொத்து என்று நினைத்து அழுதது எதை என்று ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். நாலு பேருக்குப் பாகம் எழுதும்போது ஆஸ்தி எல்லாம் பட்டியல் போட்டேன். கடன் எதுவும் இல்லை, வில்லங்கம் எதுவும் இல்லை என்றும் என் கையாலேயே எழுதினேன்.

காலையில் போட்டோவைப் பெரிதாக்கி எண்ணினேன். குறுக்கே கீறாத சின்னக் கோடு பதினொன்று இருக்கிறது. அம்மாவுக்கு அதில் இரண்டு வீடு ஞாபகம் வருகிறது. ஒன்று கேரளபுரம் கோயிலுக்கு மேற்கே, அவர்கள் பேத்தி இன்னும் அங்கேயேதான் இருக்கிறாளாம். இன்னொன்று முட்டைக்காடு. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். என்ன சொல்லிக் கொடுப்பது என்று கேட்டதற்கு, "ஒண்ணும் சொல்லாண்டாம், பாக்கி இருந்ததுன்னு சொல்லு" என்றாள். இரண்டு மூடை நெல் வாங்கி வைத்திருக்கிறேன், அரிசி வேண்டாம், நெல்லாகத்தான் கொடுக்க வேண்டும் என்கிறாள்.